முட்டை வளர ஒரு மாத்திரை

சினைப்பையில் ஒரு முட்டை முதிர்ந்து வெளிவந்தால்தான் கரு உண்டாக வழியுண்டு. இது மாதாமாதம் ஒழுங்காக நடக்காமல் போவது பெண்களின் குழந்தையின்மைக்கு ஒரு முக்கியக் காரணம். மாத்திரையால் எளிதில் சரிசெய்யக்கூடிய காரணமும் இதுதான். இந்தத் தடை உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு இருப்பது பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு. ஸ்கேன் பார்த்து ‘நீர்க்கட்டி’ என்று சொன்னதும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமோ என்று பலர் பயந்துவிடுகிறார்கள். உண்மையில் அவை கட்டிகளே அல்ல. பாதியில் வளர்ச்சி நின்றுபோன முட்டைப் பைகள். அவற்றில் ஒன்றை முழுதாக வளரவைப்பதே மருந்தின் வேலை.

வளர்வதற்கான தூண்டுதல் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எஃப்எஸ்எச் என்ற ஹார்மோனாக வருகிறது. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எஃப்எஸ்எச் கூடும். 1967இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற குளோமிஃபீன், ஈஸ்ட்ரோஜன் இருப்பதே மூளைக்குத் தெரியாதபடி மறைத்து எஃப்எஸ்எச்சைக் கூட்டுகிறது. பல பெண்களுக்கு இதனால் பலன் கிடைத்தது. ஆனால் இது உடலில் வாரக்கணக்கில் தங்குகிறது. சிலருக்குக் கருப்பையின் உட்சுவர் மெலிந்துவிடுகிறது. முட்டை வெடித்தும் கரு நிற்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லெட்ரோசோல் வேறு வழியில் செயல்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாவதையே சில நாள்களுக்குக் குறைத்துவிட்டு, சீக்கிரம் உடலைவிட்டு வெளியேறிவிடுகிறது. மார்பகப் புற்றுநோய்க்காக உருவான இந்த மாத்திரை முட்டை வளர்ச்சிக்கும் உதவும் என்று கனடாவின் மிட்வாலி, காஸ்பர் என்ற மருத்துவர்கள் 2001இல் எழுதினார்கள்.

இந்தியாவில் இதற்குச் சோதனையான காலம் ஒன்று இருந்தது. பிறவிக் குறைபாடு வரலாம் என்று 2005இல் ஒரு கருத்தரங்கில் சிறிய ஆய்வு ஒன்று சொன்னது. மறு ஆண்டே 911 குழந்தைகளை ஆராய்ந்த கனடா மருத்துவர்கள், குளோமிஃபீனோடு ஒப்பிட்டால் அப்படி எந்த அதிகரிப்பும் இல்லை என்று காட்டினார்கள். ஆனாலும் 2011 அக்டோபரில் மத்திய அரசு, குழந்தையின்மைக்கு லெட்ரோசோல் கொடுப்பதைத் தடைசெய்தது. 2014இல் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வின் முடிவு வந்தது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும், குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்திருந்தது. இந்தியத் தடை 2017இல்தான் நீங்கியது. குழந்தைக்காக ஏங்கும் பெண்களுக்கு ஒவ்வொரு வருடமும் முக்கியம். ஐந்து வருடத்துக்கும் மேலான அந்தத் தாமதம் சிறிய இழப்பு அல்ல. இன்று சர்வதேச வழிகாட்டுதல்கள் பிசிஓஎஸ் பெண்களுக்கு முதலில் சொல்வது லெட்ரோசோலைத்தான்.

கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, பெரும்பாலும் மாதவிடாயின் மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் மாத்திரை தரப்படுகிறது. அளவு 2.5 மில்லிகிராமில் தொடங்கும். பலன் தெரியாவிட்டால் அடுத்தடுத்த மாதங்களில் கூடும். மாத்திரை அட்டையோடு வரும் தாளில் புற்றுநோய், கர்ப்பிணிகள் கூடாது என்றெல்லாம் படித்துவிட்டு நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. கரு வந்து பதியும் நேரத்துக்குள் மருந்து ஏறக்குறைய முழுதும் வெளியேறிவிடும் என்பதை மருத்துவர்கள் முதலிலேயே விளக்கிச் சொல்ல வேண்டும். ஸ்கேனில் முட்டைப் பை 18 மில்லிமீட்டர் அளவை எட்டினால், தேவைப்படுபவர்களுக்கு முட்டையை வெளிவரத் தூண்டும் எச்சிஜி ஊசி போடுகிறார்கள். அதன் பிறகு முட்டை சுமார் 36 மணி நேரத்தில் வெளிவரும்.

மெட்ஃபார்மின் சர்க்கரை நோய் மாத்திரை. பிசிஓஎஸ்ஸில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்குத் துணையாக உதவும். தனியே அதை மட்டும் நம்புவது பலவீனமான வழி. தைராய்டு குறைவு, புரோலாக்டின் மிகுதி ஆகியவற்றால் முட்டை வராதவர்களுக்கு அந்தந்தக் கோளாறுக்கான மாத்திரையே போதுமானதாக இருக்கலாம்.

மாத்திரைக்கு மசியாதவர்களுக்கு எஃப்எஸ்எச் ஊசி இருக்கிறது. தொடக்க காலத்தில் இது மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இத்தாலியக் கன்னியாஸ்திரிகள் அதற்குச் சிறுநீர் தந்து உதவினார்கள். ஊசி வலிமையானது, ஆபத்தும் கூடுதல். பல முட்டைகள் ஒன்றாக வளர்ந்து இரட்டை, மும்மைக் கர்ப்பம் வரலாம். சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஊசிக்குப் பின் வயிறு உப்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த மருந்துகள் எதுவும் அடைபட்ட கருக்குழாயைத் திறக்காது. கணவரின் விந்தணுக் குறைபாட்டையும் சரிசெய்யாது. குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் மனைவி மட்டும் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க, கணவர் பரிசோதனைக்கே போகாத வீடுகள் நம்மிடையே நிறைய. உடற்பயிற்சிக் கூடங்களில் போடப்படும் டெஸ்டோஸ்டீரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். போட்டுக்கொள்பவர் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. விந்தணுப் பரிசோதனை செலவு குறைந்தது, வலியற்றது. மனைவி முதல் மாத்திரையைப் போடும் முன்பே கணவர் அதைச் செய்துகொள்ளட்டும்.