கைகாட்டினால் காசு
வீட்டுத் தரகருக்குப் பிழைப்பு, வக்கீலுக்கு விதிமீறல்

டெல்லியோ புனேயோ, வீடு வாங்கக் கிளம்பும் நடுத்தர வர்க்கத்தவர் பல கைகள் மாறித்தான் பதிவு அலுவலகம் சேர்கிறார். தரகர் ஒரு வக்கீலைக் காட்டுகிறார். வக்கீல் கடன் ஏஜென்ட்டைக் காட்டுகிறார். கைகாட்டியவருக்கு ஒரு 'கவர்' போவதும் உண்டு. இது சட்டப்படி சரியா? விடை, தொழிலைப் பொறுத்தது.

தரகர் கமிஷன் வாங்கத் தடையில்லை. ஆனால் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பணத்துக்காக வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகம் செய்து வைப்பவரும் ஏஜென்ட்தான். பதிவு பெற்ற திட்டங்களின் வீடு, மனை விற்பனையில் இறங்க அவரும் பதிவு செய்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம்.

வக்கீல்களுக்கு இந்தச் சலுகை இல்லை. வக்கீல் அல்லாதவருடன் கட்டணத்தைப் பங்கிடும் எந்த ஏற்பாட்டையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. கட்டடக் கலைஞர்களும் அப்படியே. வேலை பிடித்துத் தர கமிஷன் கொடுப்பதோ வாங்குவதோ கூடாது என்கின்றன 1989-ம் ஆண்டின் நடத்தை விதிகள்.

காரணம் எளிது. பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் "வாங்காதீர்கள்" என்று சொல்ல வேண்டியவர் வக்கீல். விற்பனை முடிந்தால்தான் தரகருக்குக் கமிஷன். அந்தத் தரகர் அனுப்பும் கட்சிக்காரர்களை நம்பியிருக்கும் வக்கீலின் நாக்கு அத்தனை எளிதில் புரளாது. எனவே தரகரை யார் வேண்டுமானாலும் காட்டட்டும். பத்திரம் பார்க்கும் வக்கீலை மட்டும் வாங்குபவரே தேடிக்கொள்வது நல்லது.