தி.நகரில் கோடி! முடிச்சூரில் லட்சம்! வீட்டு விலைக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

ஒரே மின்சார ரெயில் பாதைதான். மாம்பலத்தில் இறங்கினால் தி.நகர். தாம்பரத்தில் இறங்கி மேற்கே போனால் முடிச்சூர். ஆனால் வீட்டு விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது!

தி.நகரில் ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி, பல கோடி ரூபாய். அதை விற்றவர் முடிச்சூரில் மனை வாங்கி, வீடும் கட்டி, மிச்சப் பணத்தைப் பாங்கியில் போட்டுவிடலாம்.

மண்ணுக்குத்தான் விலை

சிமெண்டு, கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் மண்ணில் இருக்கிறது. கட்டிடம் வருஷா வருஷம் பழசாகும். மண் பழசாகாது.

எனவே பிளாட் வாங்குகிறவர்கள் "ஹால் எவ்வளவு பெரிசு?" என்று கேட்கும் முன், "என் பங்குக்கு மண் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். பத்திரத்தில் இதற்குப் பெயர் 'பிரிபடாத பாகம்'. புரோக்கர்கள் 'யு.டி.எஸ்.' என்பார்கள்.

ஒரு கிரவுண்டில் 6 வீடு என்றால், சமபங்காக வீட்டுக்கு 400 சதுர அடி. அதே இடத்தில் 12 வீடு என்றால் 200தான். விலை மலிவாகத் தெரியும், பங்கு பாதி போச்சு!

விலையில் சேராத செலவு

மனை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம். 30 லட்ச ரூபாய் மனைக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் தனியாக எடுத்து வைக்கணும்.

நேரமும் செலவுதான். புறநகருக்குப் போனதால் தினம் 2 மணி நேரம் கூடுதலாகப் பயணம் என்று வையுங்கள். வருஷத்தில் 300 நாள் வேலை என்றால் 600 மணி நேரம். முழுசாக 25 நாள் ரெயிலிலும் பஸ்சிலும் போய்விடும்!

இரண்டு இடத்திலும் வெள்ளம்

முடிச்சூர் அடையாற்றை ஒட்டிய பகுதி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே மாடியில் தவித்தவர்களைப் படகில் மீட்டார்கள்.

தி.நகர் மட்டும் தப்பியதா? 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவான ஊர் அது. 2021 நவம்பர் மழையில் அங்கேயும் தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றது. கோடி கொடுத்தாலும் மழை விடாது!

அட்வான்சுக்கு முன்...

காலை 8 மணி ரெயிலில் ஒருநாள் போய்ப் பாருங்கள். அந்தத் தெரு மளிகைக்கடைக்காரரிடம், "2015-ல் தண்ணீர் எந்த மட்டம் வரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். வில்லங்க சான்றும் தாய்ப் பத்திரமும் வக்கீல் கைக்குப் போகட்டும். "இன்னிக்கே அட்வான்ஸ் போடுங்க சார், நாளைக்குக் கிடைக்காது" என்று புரோக்கர் அவசரப்படுத்தினாலும், அதுவரை பையில் கை வைக்காதீர்கள்!