பேருந்தில் ஓடிய 35 கோடி

ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று 2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் மக்கள் வாக்களித்தார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் ஒரு சிவப்புப் பேருந்து ஊர் ஊராகச் சுற்றியது. வாரம் 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்குப் போகிறது, அதை நம் பொது மருத்துவத்துக்குக் கொடுப்போம் என்பதுதான் அதன் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் இருந்த செய்தி.

அவ்வளவு தொகை போகவே இல்லை. 1980களில் மார்கரெட் தாட்சர் வாதாடிப் பெற்ற தள்ளுபடி முதலிலேயே கழிக்கப்பட்டுவிடும். அந்தப் பணம் பிரிட்டனை விட்டு வெளியே போனதில்லை. செலுத்திய மீதியிலும் ஒரு பங்கு விவசாய மானியமாகத் திரும்பி வந்தது. இது மக்களைத் திசைதிருப்பும் கணக்கு என்று புள்ளியியல் ஆணையம் வாக்கெடுப்புக்கு முன்பே சொல்லிவிட்டது. பிரசாரக்காரர்கள் கைவிடவில்லை.

நீடிக்க வேண்டும் என்ற தரப்பும் நேர்மையாக நடக்கவில்லை. விலகினால் 2030க்குள் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்டு இழப்பு என்றது நிதியமைச்சகம். கேட்பவருக்குத் தன் சம்பளத்தில் அவ்வளவு வெட்டு விழும் என்றுதானே தோன்றும்? உண்மையில் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏற்படக்கூடிய குறைவைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சொன்ன தொகை அது. பொருளாதாரம் வளரும், நீடித்திருந்தால் வளரும் அளவுக்கு வளராது என்பதே அந்த ஆய்வின் சாரம். நாடாளுமன்றக் குழு இரு கணக்குகளையுமே கண்டித்தது. என் பார்வையில் பேருந்துக் கணக்குதான் மோசமானது. முன்னறிவிப்பு பொய்த்துப்போகலாம், கழிக்க வேண்டியதைக் கழிக்காமல் சொல்வது அப்படியல்ல.

சரி, யாரிடம் முறையிடுவது? சோப்பு விளம்பரத்தில் பொய் இருந்தால் விளம்பரத் தர ஆணையத்திடம் புகார் தரலாம். அரசியல் விளம்பரம் அதன் விதிகளுக்குள் வராது. தேர்தல் ஆணையம் செலவுக் கணக்கைப் பார்க்கும், பிரசாரத்தின் உண்மையைப் பார்க்காது. விலகல் பிரசார அமைப்புக்கு 2018இல் 61,000 பவுண்டு அபராதம் விதித்ததுகூடச் செலவு விதிகளை மீறியதற்காகத்தான். 35 கோடிக் கணக்குக்காக போரிஸ் ஜான்சன் மீது தொடுக்கப்பட்ட தனிநபர் வழக்கும் 2019இல் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. புள்ளியியல் ஆணையத்துக்கு யாரும் எழுதலாம். அது பகிரங்கமாகக் கண்டிக்குமே தவிர, தண்டிக்க முடியாது.

சுவிட்சர்லாந்தில் நிவாரணம் கிடைத்தது. திருமணமானவர்களுக்கான வரி பற்றிய 2016 வாக்கெடுப்பின்போது, கூடுதல் வரி கட்டும், இருவரும் சம்பாதிக்கும் தம்பதிகள் 80,000 என்று அரசு சொன்னது. சரியான எண்ணிக்கை 4,54,000. கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2019இல் அந்த வாக்கெடுப்பையே ரத்து செய்தது.

அத்தகைய நீதிமன்றம் எல்லா நாட்டிலும் கைகொடுக்காது. ஆகவே துண்டறிக்கையில் ஒரு தொகையைப் பார்த்ததும் கேளுங்கள்: கழிவுபோக மிஞ்சுவது எவ்வளவு? எதோடு ஒப்பிட்டு இழப்பு என்கிறார்கள்? பதில் சொல்லாதவர்களின் கணக்கை நம்பி உங்கள் வாக்கைக் கொடுக்காதீர்கள்.