மூலையில் கிடந்த ஆயில் எஞ்சினை ஓட வைத்தோம்

போன மார்கழியில் எங்கள் பக்கத்து டிரான்ஸ்பார்மர் எரிந்துபோச்சு. தூயமல்லி பால் பிடிக்கிற நேரம். கிணற்றில் தண்ணி இருக்கு, இறைக்க வழியில்லை. கொட்டகை மூலையில் அப்பா காலத்து 5 எச்.பி. டீசல் எஞ்சின் சாக்கு போர்த்திக் கிடந்தது. இலவச மின்சாரம் வந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை எடைக்குக் கேட்டுவிட்டுப் போனார்.

வங்கியில் இருந்தபோது பம்புசெட் கடன் எத்தனையோ எழுதியிருக்கேன். ஆனால் எஞ்சினில் ஆயில் எங்கே ஊற்றுவார்கள் என்றுகூடத் தெரியாது. பக்கத்து ஊர் மெக்கானிக் பெரியவர்தான் கற்றுக்கொடுத்தார். செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் பிளைவீல் சுற்றுதா என்று பார்த்தோம். அசையவில்லை. மூடாத சைலன்சர் வழியாக மழைத்தண்ணி இறங்கி பிஸ்டன் பிடித்திருந்தது. நான் சுத்தியலை எடுத்ததும், "சார், அதைத் தூர வைங்க" என்றார். நாசிலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். மூன்றாம் நாள் பிளைவீலை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டியதில் விட்டுக்கொடுத்தது.

அடுத்து டேங்க். பழைய டீசல் பிசினாகி, அடியில் தண்ணி நின்றது. கழுவி, பில்டரை மாற்றினோம். நாசிலை டீசல் பம்ப் கடையில் கொடுத்துச் சோதித்து வாங்கினோம். கீழே இருந்த ஆயிலை முழுசாக வடித்து, உள்ளே துணியால் துடைத்து, புது ஆயில் ஊற்றினோம்.

இதில் முக்கியமான இடம் ஒன்று உண்டு. டீசல் பம்பில் எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராடு தடையில்லாமல் நகரணும். துருப்பிடித்து நின்றால், ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடும். சிலிண்டரில் ஊற்றிய ஆயில் மீதி இருந்தாலும் இதே ஆபத்துதான். அதனால் நாசிலை மாட்டும் முன் ஹேண்டிலால் பலமுறை சுற்றி ஆயிலை வெளியே தள்ளணும். காற்று இழுக்கும் வாயை அடைக்க ஒரு பலகையும் கையில் இருக்கட்டும்; காற்று நின்றால் எஞ்சின் நிற்கும்.

டீசல் குழாயில் காற்று இருந்தால் எஞ்சின் எடுக்காது. நட்டைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்கணும். நாசில் பீய்ச்சும் இடத்தில் கை வைக்காதீங்க, தோலைத் துளைக்கும்.

பம்புக்கு கிளாண்டு கயிறு மாற்றினோம், புட் வால்வுக்குப் புது வாஷர் போட்டோம். கொஞ்சம் ஒழுகியதற்குச் சாணிக் கரைசல் ஊற்றியதும் நின்றது. பம்பு மேலிருந்து உறிஞ்சக்கூடியது நடைமுறையில் 20 அடி சொச்சம்தான். தண்ணி ஆழத்தில் இருக்கு என்று எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீங்க. புகை உள்ளேயே தங்கி ஆளைக் கொல்லும்.

ஐந்தாம் நாள் காலை ஹேண்டில் போட்டோம். மூன்றாவது சுற்றில் பிடித்தது. கூலிங் குழாயில் தண்ணி வருவதைப் பார்த்த பிறகுதான் பாய்ச்சலைத் தொடங்கினோம். ஓரத்து வயலில் கொஞ்சம் பதரானது, மற்றது பிழைத்தது.

வடித்த கழிவு ஆயிலை வாய்க்காலில் ஊற்றவில்லை. மண்ணுக்கு ரசாயனம் வேண்டாம் என்கிற நாம் இதையும் ஊற்றக்கூடாது. கேனில் பிடித்து மெக்கானிக்கிடமே கொடுத்தேன்.

இப்போது மாசம் ஒருமுறை கால்மணி நேரம் ஓட்டுகிறேன். நிறுத்தியதும் சைலன்சர் மேல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்க்கிறேன். அன்றைக்கு அந்த டப்பா இருந்திருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். உங்க கொட்டகையிலும் ஒன்று கிடந்தால், எடைக்குப் போடும் முன் பிளைவீலை ஒரு தடவை சுற்றிப் பாருங்க.