பாட்டியும் ஒரு பிடி புளியங்கொட்டையும்

என் மகளுக்கு நாலு வயது. டேப்லெட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் இருபது வரை கடகடவென எண்ணுவாள். "அஞ்சு கொட்டை எடுத்துக் குடும்மா" என்று பாட்டி கேட்டால் மட்டும் என் முகத்தைப் பார்ப்பாள். யாங்கூனிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது சுருக்கென்று குத்தியது.

நாள் முழுக்க கோட் எழுதுகிறவன் நான். இன்னொரு ஆப் தேடலாம் என்றுதான் தோன்றியது. அம்மாவோ குழம்புக்குக் கரைத்த புளியின் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்தார். மழை விட்ட ஒரு சாயங்காலம், பாட்டியும் பேத்தியும் வாசல் ஈரமண்ணில் கரண்டியால் பதினாலு குழி தோண்டினார்கள். பல்லாங்குழி!

வழக்கமாகக் குழிக்கு அஞ்சு கொட்டை; சின்னப் பிள்ளைக்கு ரெண்டு போதும். ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது 'பசு'. அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம். "பசு! பசு!" என்று கத்துவதற்காகவே அவள் தமிழில் எண்ண ஆரம்பித்தாள்.

1939-ல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, பிறகு கொடைக்கானலிலும் செடிகொடிகளைக் காட்டிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். கை பழகினால் மனசில் நிற்கும் என்பதுதான் அவர் வழி.

மண் இல்லாத மாடி வீடா? முட்டை அட்டை போதும். மூணு வயசுக்குக் கீழே கொட்டை வேண்டாம்; வாயில் போட்டுக்கொள்வார்கள். மிஞ்சியதை ராத்திரி ஊறவைத்துத் தொட்டியில் நடுங்கள். தண்ணீர் ஊற்றுவது பிள்ளை வேலை.

எங்கள் செடி இப்போது ஒரு சாண் உயரம். பக்கத்து வீட்டுப் பர்மியப் பிள்ளைகள் அதை 'மஜீ' என்கிறார்கள். இவள் சொல்கிறாள்: "புளி. எங்க பாட்டி செடி."