டர்போ பூட்டுமுன்
நான் வாழும் வேப்பம்பட்டில், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயங்களைக் கண்டு வரும் இளைஞர்கள், தம் காருக்கும் டர்போ பொருத்தலாமா என வினவுகின்றனர்.

வெளியேறும் புகையின் விசையால் சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போ. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905-இல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின், தானே இழுத்த காற்றை 11-இல் ஒரு பங்காக நெருக்குவதுண்டு. முன்பே அமுங்கிய காற்றையும் அவ்வாறே நெருக்கினால் வெப்பம் மிகும், தீச்சுடர் எட்டுமுன் பெட்ரோல் தானே வெடிக்கும், பிஸ்டன் உடையவுங்கூடும்.

ஆகவே, பள்ளமுள்ள பிஸ்டன்களால் நெருக்கத்தை 9-இல் ஒன்றாகத் தளர்த்தி, உட்புகும் காற்றைக் குளிர்வித்து, தீப்பொறியைச் சற்றே பிந்தச் செய்து, அதன் பின்னரே டர்போவைப் பூட்டுக. எஞ்சினுக்குக் காற்று அமிழ்தே. அளவு மிஞ்சின் நஞ்சு.