மூழ்குதுணை ஆராய்தல்

வழிச்செலவுக்குத் துணை வேண்டும் என்பது தமிழர் நெடுங்காலமாகக் கொண்ட முடிபு. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டமாகவே செல்வர். காடு கடப்பவரும் தனித்துச் செல்லத் துணியார். ஆயின், அவ்வழிகளிலெல்லாம் துணைவன் சற்றே பிரிந்தாற் கூவி அழைக்கலாம். வரத் தாமதித்தால் ஒரு மரநிழலிற் காத்திருக்கலாம். கூவுதற்கு நாவும் காத்திருத்தற்குக் காலமும் வாய்க்காத வழி ஒன்றுண்டு. அது கடலின் அடிவழி. அவ்வழியிற் புதிதாகச் செல்லத் தொடங்கும் ஒருவர் எத்தகையாரைத் துணையாகக் கொள்ளல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என அன்பர்கள் வினவக்கூடும். யான் கடலில் மூழ்கியவன் அல்லேன். என்னிடம் இலக்கணம் படித்த திருக்கோணமலை இளைஞர் ஒருவர் அக்கலையைக் கற்றுத் தேறி, அதன் முறைகளையெல்லாம் எனக்கு விளக்கினார். கேட்கக் கேட்க, இது நீச்சலைப் பற்றிய செய்தி மட்டும் அன்று, நட்பைப் பற்றிய செய்தியும் ஆகும் என்பது புலனாயிற்று. நட்பைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்குச் சிறிது உரிமை உண்டு.

காற்றை அழுத்தி அடைத்த உருளையை முதுகிற் சுமந்து, நீருள் மூச்சுவிட்டபடி உலாவும் கலையை 'ஸ்கூபா' என்பர். பிரெஞ்சுக் கடற்படையினரான ஜாக் கூஸ்தோவும் பொறியியலாளர் எமில் கன்யானும் 1943இல் அமைத்த கருவியே இக்கலை பரவுதற்கு வழிகோலியது. அவ்வாண்டு கூஸ்தோ மத்தியதரைக் கடலில் அதனை அணிந்து மூழ்கியபோது, அவர் மனைவி சிமோன் நீர்மேல் நீந்தியபடி கண்ணாடி வழியாக அவரையே நோக்கியிருந்தார். மூச்சடக்கி மூழ்குவதில் வல்லவரான பிரடெரிக் டூமா, வேண்டுமிடத்துப் பாய்ந்து உதவ ஆயத்தமாய்க் கரையில் இருந்தார். கருவியைக் கண்டவரே துணையின்றி இறங்கினாரல்லர். நம் நாட்டிலும், 1956இல் கோணேசர் கோயிலடிக் கடலுள் அக்கோயிலின் சிதைவுகளைக் கண்ட ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இணைந்து மூழ்கிய தோழரே ஆவர்.

அதற்கு மிக முற்பட்ட காலத்திலேயே மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர் துணையின் அருமையை நன்கு அறிந்திருந்தனர். அவர் கல்லின் கனத்தால் விரைந்திறங்கி, அடக்கிய ஒரு மூச்சுக்குட் சிப்பி பொறுக்கிக் கயிற்றை அசைப்பர். தோணியில் நிற்பவன் உடனே இழுப்பான். அக்கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பு மனைவியின் உடன்பிறந்தானாகிய மைத்துனனுக்கே உரியது என்று நெய்தனிலத்தார் வழிவழியாகக் கூறுவர். உடன்பிறந்த தம்பி பங்காளி. அவனுள்ளத்திற் பொறாமை புகுதலும் கூடும். மைத்துனன் கை தளர்ந்தாலோ அவன் உடன்பிறந்தாளின் தாலி போய்விடும். ஆகவே, அன்பு மட்டும் போதாது, பொறுப்பும் வேண்டும் என அம்மக்கள் கண்டனர். இற்றைநாளில் இந்நாட்டு இளைஞர் இனபேதமின்றித் தோழனை 'மச்சான்' என்று விளிக்கின்றனர். அவ்விளியைப் பெறுதல் எளிது, அதற்குரியவனாதல் எளிதன்று.

ஸ்கூபாக் கருவி மூழ்குவோனைக் கயிற்றினின்று விடுவித்தது. அவ்விடுதலையோடு புதிய இடரும் வந்தது. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பிலுள்ளதன் இருமடங்கு. 20 மீற்றரில் மும்மடங்கு. எனவே ஒவ்வொரு மூச்சுக்கும் உருளையிலுள்ள காற்று அவ்வளவுக்கு மிகுதியாகச் செலவாகும். அச்சத்தால் மூச்சு விரைந்தால் அது இன்னும் கடிது குறையும். காற்று அற்ற நிலையில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால், நெஞ்சினுள் விரியும் காற்று நுரையீரலையே கிழித்துவிடும். இதற்காகவே துணைவன் இரண்டாவது வாய்க்கருவி ஒன்றையும் சுமந்து வருகின்றான். அவன் கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் அஃது உயிர்மருந்து. கண்ணுக்கெட்டாத் தொலைவில் இருந்தால் வெறுஞ் சுமை.

அத்தகைய துணைவனை எங்ஙனம் தேர்வது? கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே உணர்ச்சி ஒருமையால் நண்பராயினர். அது நட்பின் கொடுமுடி. ஆயினும் கடலடிக்கு அந்நட்புப் போதாது. வள்ளுவர் 'நட்பு' என்னும் அதிகாரத்தை அடுத்து 'நட்பாராய்தல்' என ஒன்றை வைத்தார். கடலில் இறங்குவோர் அவ்வைப்புமுறையையும் மாற்றி, ஆராய்தலை முன்னும் நட்பைப் பின்னுமாக வைத்துக்கொள்ளல் நன்று.

ஆராய்ச்சி கரையிலேயே தொடங்கல் வேண்டும். இதுவரை எத்தனை முறை மூழ்கினீர், இறுதியாக மூழ்கியது எப்போது, இன்று எதைக் காண விரும்புகின்றீர் என வினவுக. வல்லவனே நல்ல துணை என்பது பொதுக் கருத்து. அது முற்றும் உண்மையன்று. நூறு முறை மூழ்கியவனாயினும், படம் பிடிப்பதிலே கண் முழுவதையும் செலுத்துபவன் புதியவனுக்குத் துணையாகான். பத்து முறை மூழ்கியவனாயினும், ஒவ்வொரு கணமும் திரும்பி நோக்குபவன் துணையாவான்.

அடுத்தது கருவி நோக்கல். மிதவைச் சட்டை, ஈயச்சுமை, கொளுக்கிகள், காற்று ஆகிய நான்கையும் ஒருவர்க்கொருவர் தொட்டுப் பார்த்து, ஐந்தாவதாக முகக்கண்ணாடி முதலிய எஞ்சியவற்றையும் நோக்கி முடித்தல் முறை. உருளையில் இறங்கும்போது ஏறத்தாழ 200 'பார்' இருக்கும். 50 எஞ்சும்போது நீர்மேல் வந்திருத்தல் வேண்டும். ஈண்டுப் 'பார்' என்றது அழுத்தத்தின் அலகை. மன்னார்ச் சிப்பிப்பாரை அன்று. 'எல்லாம் சரி, வாருங்கள்' என்று கையை வீசி இந்நோக்கலைத் தவிர்ப்பவனை அப்பொழுதே தவிர்த்துவிடுக.

மூன்றாவது மொழி. நீருள் வழங்கும் மொழி கைச்சைகை. கட்டைவிரலை நிமிர்த்தினால் தரையில் 'நன்று' என்பது பொருள். நீருள் 'மேலே செல்வோம்' என்பது பொருள். 'நலமே' என்று உணர்த்தக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாக இணைத்தல் வேண்டும். இலக்கணத்தில் இடுகுறி என்று நாம் கற்பிப்பது இதுவே. இருவர்க்கும் குறி ஒன்றாயினன்றிப் பொருள் விளங்காது. ஆகையால், கற்றவற்றை ஒருமுறை கரையிற் செய்துகாட்டி ஒத்துக்கொள்க. பின்னர் நெஞ்சளவு நீரில் ஒருவர் காற்றை மற்றவர் பெறும் பயிற்சியைச் செய்து பார்க்க. அங்கே பதறுபவன் ஆழத்தில் அமைதியாயிரான்.

இவற்றிலெல்லாம் தேறியவனும் தவறக்கூடிய சோதனை ஒன்றுண்டு. முற்கூறிய இளைஞர் பயிற்சி முடித்தபின் முதன்முறை மூழ்கியபோது, படகிற் கண்ட வயதில் மூத்தார் ஒருவர் துணையாக வாய்த்தார். பழகிய கை, கனிவான பேச்சு. நீருள் இளைஞருக்குக் காது வலித்தது. மேலே செல்வோம் என்று காட்ட அவர் விரல் எழவில்லை. 'பெரியவரின் பொழுதைக் கெடுக்கலாமோ என்று எண்ணினேன், ஐயா' என்றார் என்னிடம். அதற்கிடையில் மூத்தவர் ஓர் ஆமையைத் தொடர்ந்து மறைந்துவிட்டார். இளைஞர் கற்றபடி ஒரு நிமிடம் சுற்றும் நோக்கி, காணாமையால் மெல்ல மேலே வந்தார். நெடுநேரங் கழித்து வந்த மூத்தவர் கேட்டது ஒன்றே: 'தம்பி, ஏன் மேலே வந்தீர்?'

அவ்வினாவைக் கேட்டபோது என் உள்ளம் நடுங்கியது. அம்மூத்தவரை மட்டும் நினைந்து அன்று; நம் வளர்ப்பு முறையையும் நினைந்து. பெரியோர் முன் 'இயலாது' என்று சொல்லாதே எனப் பிள்ளைகளைப் பழக்குகின்றோம். வகுப்பறையில் அது பணிவு. விருந்தில் அது பண்பு. கடலடியில் அது சாவுக்கு வழி. தாட்சணியம் என்னும் நற்குணம் நீர்மட்டத்தோடு நின்றுவிடல் வேண்டும். யார் வேண்டுமாயினும், எப்போது வேண்டுமாயினும், காரணங் கூறாமலே மூழ்குதலை நிறுத்தலாம் என்பது அக்கலையாளர் யாவரும் ஒத்துக்கொண்ட விதி. ஆகவே, புதியவர் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டிய தலையாய வினா இது: 'இவர் முன் என் கட்டைவிரல் தடையின்றி எழுமா?' எழாதெனின், அவர் எத்துணை வல்லவராயினும், எத்துணை நல்லவராயினும், உமக்குத் துணையல்லர்.

இதன் மறுபுறமும் உண்டு. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்னும் போர்க்கப்பல் கிடக்கின்றது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட அது 50 மீற்றருக்கும் கீழே உள்ளது. தொடக்கப் பயிற்சி பெற்றோர்க்கு விதித்த எல்லை 18 மீற்றர். 'ஒருமுறை வந்து பார், நான் இருக்கின்றேன்' என்று அவ்வாழத்துக்கு அழைப்பவன் உம்மைப் பெருமைப்படுத்துபவன் அல்லன். உம் உயிரைப் பணயம் வைத்துத் தன் பெருமையை அளப்பவன்.

துணையை ஆராய்பவர் தம்மையும் ஆராய்தல் வேண்டும். எதிரே நிற்பவரும் உம்மையே நம்பி இறங்குகின்றார். உமது காற்றளவை அவர் கேட்குமுன் காட்டுகின்றீரா? அவர் விரல் உயர்ந்தால், கண்முன் ஆமையே வந்தாலும், முகஞ் சுளியாது உடன் எழுவீரா? கரையேறியபின் அதனை நகையாடாதிருப்பீரா?

முத்துக்குளித்தோன் கயிற்றை அசைத்தபோது, தோணியில் நின்ற மைத்துனன் ஏன் என்று கேட்டானல்லன், முதலில் இழுத்தான். கயிறு இன்று இல்லை. கேளாமல் இழுக்கும் அந்தக் கை இன்றும் வேண்டும்.